குளிரறைக் கதவு

குரோருட், ஒஸ்லோ
9 பெப்ரவரி 2003

அன்புள்ள பாமா,

நீர் கேட்டபடி எழுதுகிறேன். தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்திலேயே இருவரில் ஒருவர் குரலை உயர்த்திவிடுகிறோம். பிறகு மேரியம்மா ரிசீவரை வாங்கி, "தம்பி, நாளைக்கு எடும்" என்று வைத்துவிடுகிறா. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் கத்தினாலும் உமக்குக் கேட்காது.

மேரியம்மாவின் இடுப்பு எப்படி? பனியில் சறுக்கி விழுந்தவவைப் பார்க்கப் போகிறேன், ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று கார்த்திகையில் புறப்பட்டீர். இப்போது மாசியும் பிறந்துவிட்டது. அவவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, வடக்குத் தொங்கலில் அந்தப் பாட்ஸ்பியோர்ட்டில் எங்களை விட்டால் உறவு என்று ஆருமில்லை, அது எனக்கும் தெரியும். உம்மை வா என்று அவசரப்படுத்த எழுதவில்லை. எப்போது என்று தெரிந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இங்கே கூரை முழுக்கப் பனி. சனிக்கிழமை குகதாசன் வந்து, இருவருமாக வழித்துத் தள்ளினோம். தபால் நிலையத்தில் வேலை குறைவு. நத்தார் பொதிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. சமைக்கிறேன். பருப்பு சரி வருகிறது. குழம்பு மட்டும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு சாமானாக வருகிறது.

நீர் கேட்ட பச்சைச் சேலையும் கம்பளிச் சால்வையும் படுக்கையறை அலுமாரியில் இருந்தன. பொதியாகக் கட்டி நானே முத்திரை குத்தினேன். இந்தக் கடிதத்துக்கு முன்னர் வந்து சேரும்.

இப்படிக்கு,
யோகராசா


பாட்ஸ்பியோர்ட்
2 மார்ச் 2003

அன்பின் அத்தானுக்கு,

பொதியும் கடிதமும் கிடைத்தன. மேரியம்மா தடியூன்றிக் குளியலறை வரை போகிறா. போகும்போது என்னைத் திட்டிக்கொண்டே போகிறா. அதனால் சுகம் வருகிறது என்று தெரிகிறது.

பொதியை அவவின் கட்டிலில் வைத்துத்தான் பிரித்தேன். பிரித்ததும் அவ சொன்ன முதல் வார்த்தை: "இதென்னடி, கிழங்கு அழுகின சாக்குக்குள்ளை போட்டு அனுப்பினவனோ?" இரண்டு தரம் தோய்த்தேன். வெளியில் கொடியில் போட்டேன். இந்த ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும், ஆளையே தூக்கும். சேலை பலகை மாதிரி உறைந்து போய் வந்தது. அது உருகியதும் மணமும் திரும்பி வந்தது.

அத்தான், இதைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அந்த வீட்டை வாங்கிய முதல் மாரியிலேயே சொன்னேன், படுக்கையறையில் ஈர மண் மணக்கிறது, எனக்கு மூச்சு இழுக்கிறது என்று. மனப்பிரமை என்றீர்கள். டொக்டரிடம் போனோம். நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். அது உங்களுக்கு வசதியாகப் போயிற்று. பிறகு ஐப்பசியில் விருந்து வைத்தோம். குகதாசன் குடும்பம், ஸ்டோவ்னரிலிருந்து அருளானந்தன் குடும்பம், எல்லாருக்கும் முன்னால் நான் யன்னலைத் திறந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்: "இவவின்ரை மூக்கிலை இருந்து பாட்ஸ்பியோர்ட் மீன் இன்னும் போகேல்லை." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு வடை எடுத்துவர உள்ளே போனேன்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு ஆட்களுக்கு முன்னால் நீங்கள் இந்த ஊரின் பெயரை எடுப்பதே இல்லை. அன்றைக்கு எடுத்தீர்கள், என்னைப் பார்த்துச் சிரிக்க.

இங்கே வந்த மூன்றாவது கிழமை இருமல் நின்றது. இரவில் படுத்தால் விடியத்தான் எழும்புகிறேன். மேரியம்மா நடக்கத் தொடங்கும்வரை நிற்பேன். அதற்குப் பிறகு வருவதென்றால் அந்த மணம் போகவேண்டும். என்னால் அதற்குள் மூச்சு விட முடியாது. இதுதான் உண்மை, வேறு ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை.

குழம்புக்குப் புளியைக் கடைசியில் விடுங்கோ.

சத்தியபாமா


குரோருட்
27 ஏப்ரல் 2003

அன்புள்ள பாமா,

உமது கடிதத்துக்குப் பதில் எழுதப் பிந்திவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் ஒரு வேலை செய்துவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன்.

எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. பொய் சொல்லவில்லை. அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அலுமாரி அலுமாரி மாதிரித்தான் மணக்கிறது. இருந்தாலும் நீர் சொல்கிறீர் என்பதற்காக வீட்டுக்கு அடியில் போய்ப் பார்த்தேன்.

எங்கள் படுக்கையறைக்குக் கீழே நிலவறை கிடையாது. பலகைத் தளத்துக்கும் மண்ணுக்கும் இடையில் இரண்டடி வெளி, அவ்வளவுதான். நொர்வேக்காரர் அதற்குக் 'கிரிப்ஷெல்லர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தவழ்ந்து போகும் அறை. சரியான பெயர்தான். பின்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருந்தது நினைவிருக்கிறதா, நீர் கோழிக்கூடு என்று சொல்வீர். அதற்குள்ளால் ரோச் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு போனேன். குகதாசன் வெளியில் நின்று, "அண்ணை, திரும்பி வராட்டில் ஆருக்கு அறிவிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே வெறும் மண். கையை வைத்தால் சில்லென்று இருந்தது. காற்றே இல்லை. ஏன் என்று பார்த்தால், அத்திவாரச் சுவரில் நாலு பக்கமும் காற்றுத் துவாரங்கள் இருக்கின்றன. முன்னர் இருந்த கிழவர் அத்தனையையும் பலகையும் பஞ்சும் வைத்து அடைத்திருக்கிறார். இதுதான் பிழை என்று உடனே விளங்கிவிட்டது. ஈரம் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? திறந்து விடுவோம். காற்றும் வெயிலும் பட்டால் காயாதது என்ன இருக்கிறது? எல்லாத் துவாரங்களையும் திறந்து எலி புகாமல் வலை அடித்துவிட்டேன். கோடை முழுக்கத் திறந்தே இருக்கும். அந்தக் கோழிக்கூட்டுக் கதவையும் திறந்து வைக்கப்போகிறேன்.

ஆடியில் லீவு எடுக்கிறேன். அதற்குள் வீடு அப்பளம் மாதிரிக் காய்ந்துவிடும். வாரும்.

யோகராசா


பாட்ஸ்பியோர்ட்
1 யூன் 2003

அன்பின் அத்தானுக்கு,

ஆடி பிறந்ததும் வருகிறேன். மேரியம்மாவை ஒரு கிழமைக்குப் பக்கத்து வீட்டு ஸ்ரனிஸ்லாஸ் பார்த்துக்கொள்வான். அவன் போலந்துக்காரன், எங்கள் மீன் தொழிற்சாலையில்தான் வேலை. மேரியம்மா அவனுக்கு இடியப்பம் பழக்கி வைத்திருக்கிறா. அவன் அதில் ஜாம் பூசித் தின்கிறான். அதைப் பார்த்து இவ கண்ணை மூடிக்கொள்கிறா.

எங்கள் தொழிற்சாலை என்று எழுதிவிட்டேன். ஓம், திரும்பப் போகத் தொடங்கிவிட்டேன். கிழமையில் மூன்று நாள். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, ஆளும் தேவைப்பட்டது. கத்தியைக் கையில் எடுத்தபோது பயமாக இருந்தது. கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதல் மீனிலேயே முள்ளின் வழி தெரிந்தது.

நீங்கள் வீட்டுக்கு அடியில் தவழ்ந்ததை மேரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த வண்டி வயித்தோடை எப்பிடிப் புகுந்தவன்?" என்று கேட்டா. நான் சிரித்தேன், பிறகு உள்ளே போய் அந்தப் பக்கத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன். வாயில் ரோச் லைற்றோடு உங்களை நினைத்துப் பார்த்தேன். எனக்காகத்தானே போனீர்கள்.

இங்கே இப்போது சூரியன் மறைவதில்லை. யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுத்தான் படுக்கிறோம்.

வந்ததும் முதலில் குழம்பு வைக்கிறேன்.

பாமா


குரோருட்
20 யூலை 2003

பாமா,

நீர் நாலாம் நாள் போய்விட்டீர். ஒரு கிழமை என்று சொல்லித்தான் வந்தீர்.

மூன்றாம் நாள் இரவு நீர் கட்டிலில் எழுந்து குந்திக்கொண்டு மூச்சுக்கு இழுத்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைக்கவேண்டாம். திறந்து வைத்த வீடு. வெளியில் இவ்வளவு வெயில், இந்த நாட்டில் நான் காணாத வெக்கை. இதற்குள் எங்கிருந்து ஈரம் வரும்? உமக்கு இந்த வீடுதான் பிடிக்கவில்லையோ, வீட்டில் இருக்கிற ஆளைத்தான் பிடிக்கவில்லையோ என்று கேட்க நினைத்தேன். கேட்டால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

நீர் வைத்த குழம்பை இரண்டு நாள் சூடாக்கிச் சாப்பிட்டேன். சட்டியைக் கழுவ மனம் வரவில்லை. இன்றைக்குத்தான் கழுவினேன்.

யோகராசா


பாட்ஸ்பியோர்ட்
3 ஓகஸ்ட் 2003

அன்பின் அத்தானுக்கு,

ஸ்ரேசனில் நீங்கள் என் பெட்டியைத் தூக்கித் தந்தபோது, நில் என்று சொல்வீர்கள் என்று பார்த்தேன். போய்ச் சேர்ந்ததும் அறிவி என்றீர்கள். நில் என்று சொல்லியிருந்தாலும் நின்றிருக்க மாட்டேன், மூச்சு அப்படி இருந்தது. ஆனால் சொல்லியிருக்கலாம்.

அதை விடுங்கோ. இன்றைக்கு எழுதுவது வேறு விசயம். தயவு செய்து கடைசிவரை வாசியுங்கோ.

இந்த ஊரிலும் போன கிழமை வெக்கை. செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் மீன் வைக்கிற குளிரறைக் கதவு பழுதாகி அரைவாசியில் நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் உள்ளே புகைமூட்டம். கூரையிலிருந்து மழை மாதிரிச் சொட்டியது, பெட்டிகள் எல்லாம் நனைந்துவிட்டன. போர்மன் ஓடிவந்து "லுக் டோரா! லுக் டோரா!" என்று கத்தினார். நான் கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பக்கத்தில் நின்றவ என்ன என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

1987ஆம் ஆண்டு கோடை ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் குளிரறையில் பெட்டி அடுக்கினீர்கள். நான் வரிசையில் கதவுக்கு நேரே நின்றேன், எனக்கு அடுத்ததாக மேரியம்மா. நீங்கள் பெட்டி எடுக்கிற சாட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். எவ்வளவு நேரம்! மேரியம்மா, "அவனுக்குக் கை விறைச்சுப் போச்சுதோ, கதவை விடமாட்டன் எண்டு நிக்கிறான்" என்பா. பழைய போர்மன் வந்து கத்துவார், லுக் டோரா என்று. நாங்கள் கற்ற முதல் நொர்வேஜிய வார்த்தை அதுதான். கதவைச் சாத்து என்று அர்த்தம். ஏன் சாத்தவேண்டும் என்று உங்களுக்கு விளங்கப்படுத்தினதும் அவர்தான்: வெளியில் இருக்கிற சூட்டுக் காற்றுக்குள் தண்ணீர் இருக்கிறது, குளிரில் பட்டதும் தண்ணீராக இறங்கும் என்று கையைக் காலை ஆட்டிக் காட்டினார்.

அத்தான், வீட்டுக்கு அடியில் மண் சில்லென்று இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படுக்கையறைத் தளத்தில் வெறுங்காலை வைத்தபோது எனக்கும் குளிர்ந்தது, அந்த வெக்கையிலும். அது குளிரறை. நீங்கள் கோடை முழுக்கக் குளிரறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

யாழ்ப்பாணத்தில் நிலம் சூடு. அங்கே திறந்தால் காயும். இது அந்த நிலம் இல்லை.

சாத்துங்கோ.

பாமா

பி.கு: வீட்டில் இருக்கிற ஆளைப் பிடிக்கவில்லையோ என்று கேட்க நினைத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். பிடிக்காத ஆளின் வீட்டில் மூன்று இரவு மூச்சுத் திணறிக்கொண்டு ஆரும் படுக்கமாட்டார்கள்.


குரோருட்
14 செப்ரெம்பர் 2003

அன்புள்ள பாமா,

உமது கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே பின்பக்கம் போனேன், சேட்டுக் கூட மாற்றவில்லை. அன்றைக்கும் நல்ல வெயில். உள்ளே தவழ்ந்துபோய் ரோச் லைற்றை மேலே பிடித்தேன். எங்கள் படுக்கையறையைத் தாங்குகிற வளைமரங்கள் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக. ஒரு முத்து விழுந்து என் கண்ணுக்குள் போனது. சித்திரையில் பார்த்தபோது மரங்கள் இவ்வளவு நனைந்திருக்கவில்லை. காய வைக்கிறேன் என்று நான்தான் நனைத்திருக்கிறேன். அந்தக் கிழவர் தெரியாமல் அடைக்கவில்லை.

பழைய போர்மன் கையை ஆட்டிக் காட்டியதும் ஞாபகம் வந்தது. நான் அப்போது அவர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். மீதி நேரம் எங்கே பார்த்தேன் என்று உமக்குத் தெரியும்.

செய்தவற்றை எழுதுகிறேன். துவாரங்களை அடைத்துவிட்டேன். மண்ணின் மேல் தடித்த பிளாஸ்ரிக் விரித்து, சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி ஒட்டினேன். மண்ணுக்குள் இருந்து வருகிற ஈரம் அதோடு நிற்கும். கூரைப் பீலியின் தண்ணீர் சுவரின் காலடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. ஒரு நீளக் குழாய் மாட்டிக் காணிக்கு வெளியே விட்டேன். ஈரம் உறிஞ்சுகிற மெஷின் ஒன்றும் உள்ளே ஓடுகிறது. அது பிடிக்கிற தண்ணீர் குழாயால் வெளியே சொட்டும். முதல் கிழமை வாளி வாளியாக வந்தது. குகதாசன் பார்த்துவிட்டு, "அண்ணை, கிணறு வெட்டாமலே தண்ணி கண்டிட்டியள்" என்றான்.

இனி உமக்கு மணம் இருக்காது. எனக்கு முன்னரும் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. எல்லாம் சரி. எப்போது வருகிறீர்?

யோகராசா


பாட்ஸ்பியோர்ட்
19 ஒக்ரோபர் 2003

அன்பின் அத்தானுக்கு,

மேரியம்மா தடியை எறிந்துவிட்டா. உண்மையாகவே எறிந்தா, ஸ்ரனிஸ்லாஸின் காலில் பட்டது. கடைக்குத் தானே போய் வருகிறா. "இனி நீ இஞ்சை நிண்டால் நான்தான் உன்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறன் எண்டு அவன் என்னைத் திட்டுவான்" என்கிறா. ஆகவே இனி அவவின் இடுப்பைச் சாட்டாகச் சொல்ல எனக்கு வழியில்லை. சொந்தக் காரணம்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்த வேலை பெரிய வேலை. எனக்கு விளங்குகிறது. இரவில் நினைத்துப் பார்க்கிறேன், நீங்கள் மல்லாந்து படுத்தபடி பிளாஸ்ரிக் ஒட்டுவதை. சில நேரம் உடனே பெட்டியைக் கட்டுவோமா என்று எழும்பியும் இருக்கிறேன்.

ஆனால் முன்னரும் மணக்கவில்லை, இப்போதும் மணக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மணம் இருந்ததே தெரியாத ஆள், அது போய்விட்டது என்று சொன்னால் நான் எப்படி நம்புவது? வந்து, திரும்ப இருமி, திரும்ப நீங்கள் என் பெட்டியைத் தூக்கி ரயிலில் வைப்பதை இன்னொருமுறை பார்க்க என்னால் முடியாது. உங்களால் முடியுமா?

நத்தாருக்கு நீங்கள் இங்கே வாங்கோ. மேரியம்மா உங்களைக் கேட்கிறா. நான் கேட்கவில்லை என்று நினைக்கவேண்டாம்.

பாமா


குரோருட்
6 ஜனவரி 2004

பாமா,

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். கோட்டைக் கழற்றாமலே இதை எழுதத் தொடங்கினேன், ஆனால் முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் இறங்கினேன். எவ்வளவு இருட்டு, எவ்வளவு குளிர்! அங்கே இரண்டு கிழமை உமக்குப் பக்கத்தில் படுத்தேன். ஒரு இரவு கூட நீர் இருமவில்லை. நான்தான் விழித்துக்கொண்டு, எப்போது இருமுவீர் என்று காத்துக்கொண்டிருந்தேன். நீர் நித்திரை கொள்கிற சத்தத்தை நான் மறந்து போயிருந்தேன்.

நேற்று வாசல் கதவைத் திறந்தேன். பாமா, அது இருக்கிறது.

ஈரச் சாக்கு மணம். மேரியம்மா சொன்ன அந்த அழுகின கிழங்கு. முகத்தில் வந்து அடித்தது. பெட்டியோடு வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணீர் வைத்தேன். கோப்பை முடிவதற்குள் மணம் இல்லை. போய்விட்டதா என்று எனக்குச் சந்தேகம். வெளியே போய் ஸ்ரேசன் வரை நடந்து திரும்பி வந்து கதவைத் திறந்தேன். இருந்தது. இருட்டும்வரை இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி. எதிர்வீட்டுப் பெண் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தா. ஒவ்வொரு முறையும் இருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரத்தில் என் மூக்கு அதை விழுங்கிவிட்டது. இத்தனை நாளும் நான் அதற்குள்ளேதான் இருந்திருக்கிறேன்.

இன்று குகதாசன் வந்தான். வாசலில் நிறுத்திக் கேட்டேன்:

"உண்மையைச் சொல்லடா. மணக்குதோ?"

அவன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "முதல் நாளே மணந்தது அண்ணை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் வீடு வாங்கின சந்தோசத்திலை நிண்டனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

"விருந்தண்டு பாமா யன்னலைத் திறக்கேக்கை?"

"அண்டைக்கும் மணந்தது. அருளானந்தன்ரை மனுசிக்கும் மணந்தது. காரிலை போகேக்கை கதைச்சவை."

அன்றைக்கு அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, பாமா. எனக்கு மட்டும் தெரியவில்லை. ஆனாலும் எல்லாரும் உம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள்.

இப்போதைக்கு வரவேண்டாம். இதற்குள் வரவேண்டாம். நான் தளத்தை உடைக்கப் போகிறேன்.

யோகு


குரோருட்
23 மே 2004

அன்புள்ள பாமா,

நெடுநாள் எழுதாமல் இருந்தேன். ஒவ்வொரு முறையும் எல்லாம் சரி என்று எழுதி உம்மை ஏமாற்றிவிட்டேன். இந்த முறை முடிந்த பிறகு எழுதுவோம் என்று விட்டேன்.

படுக்கையறைப் பலகைகளைக் கழற்றினோம். அவற்றுக்குக் கீழே வளைமரங்களுக்கு இடையில் குளிருக்கென்று வைத்த கண்ணாடிப் பஞ்சு இருந்தது. மஞ்சளாக இருக்கவேண்டியது கறுப்பாக இருந்தது. தூக்கினால் ஈரத் துணி மாதிரித் தொங்கியது. நான் கீழே எவ்வளவு பிளாஸ்ரிக் விரித்தும் பயன் இல்லாமல் போனது அதனால்தான். வருசக்கணக்கான பூஞ்சணம் எங்கள் கட்டிலுக்கு நேர் கீழே இருந்திருக்கிறது. மூட்டை மூட்டையாக வெளியேற்றினோம். குகதாசன் மூக்கைக் கட்டிக்கொண்டு தூக்கினான். கேட்காமலே வந்தான், ஒவ்வொரு சனிக்கிழமையும். அருளானந்தனும் ஒரு நாள் வந்தார். அவர் மனுசி எனக்குச் சோறு கட்டி அனுப்பினா.

மரங்கள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. சுரண்டித் துடைத்து, வீட்டை நன்றாகச் சூடேற்றி மாசி முழுக்கக் காயவிட்டேன். புதுப் பஞ்சு, புதுப் பலகை. மெஷின் இப்போது நாள் முழுக்க ஓடினாலும் ஒரு கோப்பை நிறைவதில்லை. துவாரங்கள் சாத்தியே இருக்கின்றன. இந்த மாதம் வெயில் தொடங்கிவிட்டது. எனக்குக் கை துடிக்கிறது, திறக்கச் சொல்லி. திறக்கவில்லை.

மணம் இருக்கிறதா? நான் சொல்ல மாட்டேன். என் மூக்கை நம்பவேண்டாம், அது இந்த வீட்டுக்கு விலைபோன மூக்கு.

அதற்காக ஒன்று செய்தேன். உமது கூறைச் சேலை. மாசியில் சலவைக்காரரிடம் கொடுத்துச் சுத்தமாகக் கழுவி எடுத்து, பங்குனி பிறந்ததிலிருந்து அதே படுக்கையறை அலுமாரியில், கதவைப் பூட்டி வைத்திருந்தேன். இன்றைக்கு எடுத்து, முகர்ந்து பார்க்காமல், பிளாஸ்ரிக் பையில் இட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி, பொதியாக அனுப்புகிறேன். நீர் திறந்து பாரும். மேரியம்மாவும் பார்க்கட்டும், அவவின் மூக்குக்கு இரக்கம் கிடையாது.

அதில் மணந்தால் எழுதும், திரும்பக் கீழே இறங்குகிறேன். வீட்டை விற்றுவிட்டு அங்கே வா என்றாலும் வருகிறேன். குளிரறையில் பெட்டி அடுக்க இன்னும் தென்பு இருக்கிறது. அருளானந்தனிடம் அன்றைக்கு அதைச் சொன்னேன், பாட்ஸ்பியோர்ட்டில் குளிரறையில் ஐந்து வருடம் நின்றவன் நான் என்று. அவருக்கு இவ்வளவு காலமும் தெரியாதாம்.

உம்மைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

யோகு


பாட்ஸ்பியோர்ட்
13 யூன் 2004

அன்பின் அத்தானுக்கு,

பொதி வெள்ளிக்கிழமை வந்தது. உடனே திறக்கவில்லை. இரண்டு நாள் மேசையில் கிடந்தது. நான் அதைச் சுற்றி நடப்பதைப் பார்த்துக் கடைசியில் மேரியம்மாவே கத்தரிக்கோலை எடுத்தா. பையை வெட்டி, எனக்குத் தராமல் தன் முகத்தை முழுக்க அதற்குள் விட்டா. எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு தலையை எடுத்து, "ஒண்டுமில்லையடி. புடவைக் கடை மாதிரி இருக்கு" என்றா. ஸ்ரனிஸ்லாஸையும் கூப்பிட்டு முகரவைத்தா. அவன் கூறைச் சேலையை முகர்ந்துவிட்டு, நல்ல துணி, யன்னலுக்குப் போடவா என்று கேட்டான்.

பிறகு அதை அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு நானும் பார்த்தேன். மண் மணம் இல்லை. ஈரம் இல்லை. சாக்கு இல்லை. மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன்.

அத்தான், அதில் என் மணமும் இல்லை. இந்தச் சேலையைப் பதினாறு வருடத்துக்கு முன்னர் இதே ஊரில், தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் மேரியம்மா உடுத்திவிட்டா. அதற்குப் பிறகு எவ்வளவோ நாள் உடுத்தியிருக்கிறேன். இப்போது ஆரோ வாங்கி வைத்த சேலை மாதிரி இருக்கிறது. சலவைக்காரர் கழுவினால் அப்படித்தான் என்று மேரியம்மா சொல்கிறா. இருக்கலாம். ஆனால் அந்த அலுமாரியில் அதற்கு மேலும் கீழும் என் உடுப்புகள் இல்லையே, ஒட்டுவதற்கு. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். மணந்திருந்தால் கூட அப்படி அழுதிருக்க மாட்டேன்.

வீட்டை விற்கவேண்டாம். உடைத்துக் கட்டிய வீட்டை ஆருக்குக் கொடுப்பது? பனிக்காலம் தொடங்கும்போது மேரியம்மாவை நாங்கள் இருவருமாக வந்து பார்ப்போம், ஒரு கிழமை நிற்போம். இதற்கு நீங்கள் ஓம் என்று சொல்லவேண்டும். இங்கே வேலையில் சொல்லிவிட்டேன். போர்மன் கைகொடுத்தார்.

26ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் வருகிறேன். சேலையைப் பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன், வந்ததும் அலுமாரிக்குள் போகட்டும். பழைய பச்சைச் சேலையை மேரியம்மா இங்கே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறா, நிலம் துடைக்க.

விமான நிலையத்துக்கு வரவேண்டாம். குகதாசனையும் அனுப்பவேண்டாம். தேபான் ரயிலில் வந்து குரோருட்டில் இறங்கி நானே நடந்து வருகிறேன். நீங்கள் வீட்டில் இருங்கோ. நல்ல வெயில் நாளாக இருக்கும். என்னைப் பார்ப்பதற்கென்று வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லாதேங்கோ.

நான் தட்டுவேன்.

பாமா